28 நாளுக்கு ஒரு தடவை காலியாகும் பாக்கெட்: செல்போன் செலவை குறைக்க என்ன வழி?

மதுரை:-

அரிசி, பருப்பு, கியாஸ், கரண்டு பில். இந்த வரிசையில் இப்போது செல்போன் ரீசார்ஜும் சேர்ந்து விட்டது. மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குபவர் முதல் கப்பலூர் கம்பெனி வேலைக்கு போகிறவர் வரை மாதம் பிறந்தால் ரீசார்ஜ் கணக்குதான். "போன வாரந்தானே போட்டேன், அதுக்குள்ள முடிஞ்சு போச்சா?" என்ற புலம்பல் ரீசார்ஜ் கடை வாசல்களில் வழக்கமாகி விட்டது.

வீட்டில் 3 செல்போன் இருந்தால் செலவு எவ்வளவு? தினம் 1.5 ஜி.பி. டேட்டா தரும் 28 நாள் திட்டத்துக்கு 2024 ஜூலையில் ஏர்டெல் வைத்த விலை 349 ரூபாய். 3 போனுக்கு 1,047 ரூபாய். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பணம் முழுசும் செல்போனுக்கே போனாலும் 47 ரூபாய் துண்டு விழும்.

"அப்படின்னா போனே வேண்டாம்" என்று தூக்கிப் போடவும் முடியாது. கியாஸ் சிலிண்டர் வாங்க போனுக்கு வரும் நம்பரை சொல்லணும். பேங்க் பணத்துக்கு ஓ.டி.பி. வரணும். ஆதார் வேலைக்கும் அதே நம்பர்தான். வேலைக்கு கூப்பிடுகிற மேஸ்திரியும் போனில்தான் கூப்பிடுகிறார். நம்பர் செத்தால் பிழைப்பே நின்று போகும் நிலைமை.

எனவே போனை விடாமல் செலவை குறைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. வழி இருக்கிறது. அதற்கு முன்னால் காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

35 ரூபாய் 199 ஆன கதை

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ந்தேதி கொல்கத்தாவில் இருந்து டெல்லிக்கு போனது. அப்போது பேசினாலும் காசு, வருகிற போனை எடுத்தாலும் காசு. 2003 மே மாதத்தில் இருந்துதான் 'இன்கமிங்' இலவசம் ஆனது. 2009-ல் டாடா டோகோமோ 'ஒரு வினாடிக்கு ஒரு பைசா' என்று வந்தது. மற்ற கம்பெனிகளும் விலையை இறக்கின. 2016 செப்டம்பர் 5-ந்தேதி ஜியோ வந்து பல மாதம் இலவசமாகவே கொடுத்தது.

அந்த அடியில் சின்ன கம்பெனிகள் தாக்குப்பிடிக்கவில்லை. தமிழ்நாட்டு மக்களுக்கு நன்கு பழக்கமான ஏர்செல் 2018 பிப்ரவரியில் படுத்தது. திடீரென்று சிக்னல் போய், நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற ஜனங்கள் அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாகி விட்டன. இப்போது களத்தில் மிச்சம் இருப்பது ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா என்ற 3 தனியார் கம்பெனிகள். அதோடு அரசின் பி.எஸ்.என்.எல்.

கடை குறைந்தால் விலை ஏறும். சந்தையில் காய்கறி விற்கும் பாட்டிக்கும் தெரிந்த கணக்கு இது. 2018 கடைசியில் "சிம் உயிரோடு இருக்கணும்னா மாதா மாதம் 35 ரூபாய் போட்டாகணும்" என்று கம்பெனிகள் ஆரம்பித்தன. ஏர்டெலில் அந்த குறைந்தபட்ச தொகை 2021 ஜூலையில் 79, அதே ஆண்டு நவம்பரில் 99 என்று ஏறியது. 2022 கடைசியில் இருந்து வட்டாரம் வட்டாரமாக 155 ஆனது. 2024 ஜூலையில் 28 நாளுக்கு 199 என்று வந்து நின்றது.

35 ரூபாய்க்கு கொஞ்சம் டாக்டைம்தான் கிடைத்தது, 199-க்கு அளவில்லாமல் பேசலாம், 2 ஜி.பி. டேட்டாவும் உண்டு என்பது உண்மை. ஆனால் அவ்வளவு பேச்சும் டேட்டாவும் தேவையே இல்லாதவர்களும் அந்த காசை கட்டித்தான் ஆகணும். அதுதான் பிரச்சினை.

விலையை அரசு நிர்ணயிப்பது இல்லை. கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' அமைப்புக்கு விவரம் தெரிவித்தால் போதும் என்பதே விதி. விலை ஏற்றியதால் கம்பெனிக்கு லாபமா என்றால், ஆமாம். 2024 ஏப்ரல்-ஜூனில் ஒரு ஆளிடம் இருந்து மாதம் சராசரியாக 211 ரூபாய் வருமானம் பார்த்த ஏர்டெல், அக்டோபர்-டிசம்பரில் 245 ரூபாய் பார்த்தது. அரை வருடத்தில் ஆளுக்கு 34 ரூபாய் கூடுதல்.

வருடத்துக்கு 13 மாதம்!

காலண்டரில் வருடத்துக்கு 12 மாதம். செல்போன் கம்பெனிக்கு 13 மாதம். 28 நாளை 13-ஆல் பெருக்கினால் 364. அதாவது ஒரு ரீசார்ஜ் கூடுதல். 299 ரூபாய் திட்டம் போடுகிறவர் வருடத்துக்கு 3,588 என்று நினைத்துக்கொண்டு இருப்பார். உண்மையில் போவது 3,887 ரூபாய்.

இதை எதிர்த்து புகார் எழுந்ததால் 2022 ஜனவரியில் 'டிராய்' ஒரு உத்தரவு போட்டது. 30 நாள் திட்டம் ஒன்றாவது, மாதா மாதம் ஒரே தேதியில் போடும் திட்டம் ஒன்றாவது எல்லா கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. ஆனால் கடைக்காரர் வழக்கமாக நீட்டுவது 28 நாள் திட்டத்தைத்தான். "ஒரே தேதியில போடுற பேக் இருக்கா?" என்று நாமாக கேட்க வேண்டும்.

ஆனால் அதில் பெரிய லாபம் என்று ஏமாறவும் வேண்டாம். 2024 ஜூலை விலையில் ஜியோவின் 28 நாள் திட்டம் 299. அதே டேட்டாவுடன் ஒரு முழு மாத திட்டம் 319. வருடத்துக்கு கணக்கு போட்டால் 3,887-க்கு பதில் 3,828. மிச்சம் 59 ரூபாய்தான். தேதி மறக்காமல் இருக்கும் என்பது இன்னொரு வசதி.

சில்லறைக்கு விலை அதிகம்

கீழமாசி வீதியில் மூட்டையாக வாங்கினால் ஒரு விலை. தெருமுனை பெட்டிக்கடையில் கால் கிலோ வாங்கினால் ஒரு விலை. செல்போனிலும் அதே கதைதான். ஜியோவில் 28 நாளுக்கு 299 என்றால் ஒரு நாளைக்கு 10 ரூபாய் 68 பைசா. அதே அளவு டேட்டாவுடன் 84 நாளுக்கு 799 என்றால் ஒரு நாளைக்கு 9 ரூபாய் 51 பைசா. 84 நாளில் 98 ரூபாய் மிச்சம்.

ஆனால் கூலி வேலைக்கு போகிறவர் கையில் 800 ரூபாய் மொத்தமாக எங்கே இருக்கிறது? பணம் உள்ளவனுக்கு மலிவு, இல்லாதவனுக்கு கூடுதல் விலை என்று ஆகிவிட்டது. இதற்கு ஒரே வழி பழைய உண்டியல் வழிதான். தினம் 10 ரூபாய் போட்டால் 84 நாளில் 840 ரூபாய். முதல் தடவை மட்டும்தான் கஷ்டம். மகளிர் குழுவில் சேமிப்பு இருந்தால் முதல் 800 ரூபாயை அங்கே புரட்டலாம். வட்டிக்கு வாங்கி ரீசார்ஜ் போட்டால் மிச்சம் முழுக்க வட்டிக்கே போய்விடும்.

இன்னொன்றும் கவனிக்கணும். நீண்ட நாள் ரீசார்ஜ் போட்டு விட்டு நடுவில் கம்பெனி மாறினால் மீதி நாள் காசு திரும்ப வராது. நம்ம ஏரியாவில் அந்த கம்பெனி சிக்னல் நன்றாக எடுக்கிறதா என்று பார்த்த பிறகே பெரிய தொகை போடணும்.

பேச மட்டும் போதுமா?

ஊரில் இருக்கும் பெரியவர்கள் கையில் பட்டன் போன். நெட் பார்ப்பதே இல்லை. ஆனாலும் டேட்டாவுக்கும் சேர்த்தே காசு கட்டி வந்தார்கள். நாடு முழுவதும் இப்படி சுமார் 15 கோடி பேர் சாதாரண போன் வைத்திருப்பதாக 'டிராய்' கணக்கு சொன்னது. 2024 டிசம்பரில் புது விதி வந்தது. பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது கட்டாயம் வேண்டும், 365 நாள் வரை செல்லுபடி கொடுக்கலாம் என்பதுதான் அந்த விதி.

2025 ஜனவரியில் கம்பெனிகள் அந்த திட்டத்தை கொண்டு வந்தன. ஏர்டெலில் 84 நாளுக்கு 509 ரூபாய் என்று இருந்த திட்டத்தில் 6 ஜி.பி. டேட்டாவை எடுத்து விட்டு 499 என்று வைத்தார்கள். 10 ரூபாய்தான் குறைந்தது. "டேட்டாவை பிடுங்கிக்கிட்டு விலைய குறைக்கலையே" என்று விமர்சனம் கிளம்பியதும் சில நாளிலேயே 469 ஆனது. 365 நாள் திட்டம் 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748 என்று வைத்தார்கள்.

வருட திட்டத்தில் ஒரு நாளைக்கு சுமார் 5 ரூபாய்தான் ஆகிறது. 199 ரூபாய் திட்டத்தில் ஒரு நாளைக்கு 7 ரூபாய் 11 பைசா. பட்டன் போன் வைத்திருக்கும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிக்கு இதுதான் கட்டுப்படி ஆகும். கடையில் சும்மா "ரீசார்ஜ் போடுப்பா" என்று சொல்லாமல் "பேசுற பேக் மட்டும் போடு" என்று சொல்ல வேண்டும்.

புது போன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஜியோ பாரத் போனையும் பார்க்கலாம். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்தது. அந்த போனுக்கு மட்டும் 28 நாளுக்கு 123 ரூபாய் என்று தனி திட்டம் வைத்தார்கள். அந்த சிம்மை கழற்றி வேறு போனில் போட்டால் இந்த விலை செல்லாது.

வீட்டில் வை-பை வாங்கினால் லாபமா?

ஆட்களை பொறுத்தது. மாதம் 399 ரூபாய் இணைப்பு என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 471 ரூபாய் வரும். வீட்டில் வை-பை இருப்பதால் ஒவ்வொரு போனையும் 349-ல் இருந்து 199 திட்டத்துக்கு இறக்கினால் போனுக்கு 150 ரூபாய் மிச்சம். 13 ரீசார்ஜ் கணக்கில் மாதத்துக்கு 162 ரூபாய்.

2 போன் உள்ள வீட்டுக்கு நஷ்டம். 3 போன் என்றால் வரவும் செலவும் சரி. 4 போன் இருந்தால் மாதம் சுமார் 180 ரூபாய் லாபம். ஆட்டோ ஓட்டுபவர், சாப்பாடு டெலிவரி செய்பவர் என்று வெளியிலேயே டேட்டா தேவைப்படுகிறவர்களுக்கு இது உதவாது.

வெளியூர் போகிறவர்களுக்கு மதுரை ரெயில் நிலையத்தில் ரெயில்டெல் வை-பை உண்டு. முதல் 30 நிமிடம் இலவசம். படம், பாட்டு இறக்கிக்கொள்ளலாம். பொது வை-பையில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

டேட்டா சீக்கிரம் காலி ஆகுதா?

தினசரி டேட்டா தீர்ந்ததும் 19 ரூபாய், 29 ரூபாய் என்று 'பூஸ்டர்' போடுவது பலருக்கு பழக்கம். மாதம் 3 தடவை 19 போட்டால் 57 ரூபாய். சத்தமில்லாமல் போகிற காசு இது. கீழ்க்கண்டதை செய்தால் அந்த செலவு குறையும்:-

* வாட்ஸ்-அப்பில் போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தி வைக்கணும். குரூப்பில் வரும் 'குட்மார்னிங்' வீடியோதான் டேட்டாவை தின்கிறது.

* யூ-டியூப்பில் வீடியோ தரத்தை 360 அல்லது 480-க்கு இறக்கணும். சின்ன ஸ்கிரீனில் பெரிய வித்தியாசம் தெரியாது.

* ஆப்கள் தானாக 'அப்டேட்' ஆவதை வை-பைக்கு மட்டும் என்று மாற்றணும்.

* போன் 'செட்டிங்ஸ்' உள்ளே எந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுக்கிறது என்று காட்டும். ஒரு மாதம் பார்த்தால் போதும். தினம் அரை ஜி.பி. கூட எடுக்காதவர் 1.5 ஜி.பி. திட்டம் போட்டுக்கொண்டு இருப்பது தெரிந்து விடும்.

காசு தானாக போகுதா?

பேலன்சில் 'காலர் டியூன்', ஜோசியம், கிரிக்கெட் செய்தி என்று காசு பிடித்தால் 155223 என்ற இலவச எண்ணுக்கு போன் போட்டு நிறுத்தலாம். மற்ற புகாருக்கு 198. புகார் எண்ணை கண்டிப்பாக கேட்டு எழுதி வைக்கணும். பதில் திருப்தி இல்லை என்றால் அந்த கம்பெனியின் மேல்முறையீட்டு பிரிவுக்கு போகலாம். விளம்பர தொல்லையை நிறுத்த 1909.

"ஒரு ரூபாய்க்கு ஒரு மாதம் சினிமா" என்று சேர்ந்து விட்டு மறந்தவர்களும் உண்டு. அடுத்த மாதத்தில் இருந்து முழு காசும் பேங்கில் இருந்து போகும். பணம் அனுப்பும் ஆப்பில் 'ஆட்டோ பே' என்ற இடத்தை திறந்து பார்த்து வேண்டாததை நிறுத்தணும். சில ஆப்களில் ரீசார்ஜ் போட்டால் ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாக பிடிக்கிறார்கள். கம்பெனியின் சொந்த ஆப்பில் என்ன விலை காட்டுகிறது என்றும் பார்க்கலாம்.

மாதம் முடிந்து பில் கட்டும் 'போஸ்ட்பெய்ட்' ஆட்கள் ஜி.எஸ்.டி.யை மறக்கக்கூடாது. ரீசார்ஜ் விலையில் வரி உள்ளேயே இருக்கிறது. போஸ்ட்பெய்டில் வரி தனி. 449 ரூபாய் திட்டம் என்றால் பில் 529 ரூபாய் 82 பைசா வரும்.

"அரசு இலவச ரீசார்ஜ் தருகிறது" என்று வாட்ஸ்-அப்பில் வரும் லிங்க்கை தொடவே கூடாது. இப்படி சுற்றிய செய்தி பொய் என்று மத்திய அரசே 2023-ல் அறிவித்தது. ஏமாந்து பணம் போனால் உடனே 1930-க்கு போன் போடணும்.

2-வது சிம் தேவையா?

இன்கமிங்குக்கே காசு கட்டும் காலத்தில் 2-வது சிம் வீண் செலவு. 199 என்று வைத்தாலே வருடத்துக்கு 2,587 ரூபாய். ஆனால் அந்த நம்பர் பேங்க், ஆதார், கியாசில் இருந்தால் முதலில் எல்லா இடத்திலும் மாற்றி விட்டு பிறகுதான் விடணும். அப்படியே விட்டால் அந்த நம்பர் நாளைக்கு வேறு ஆளுக்கு போகும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் இலவசமாக பார்க்கலாம். 2023 மே மாதம் தொடங்கிய தளம் இது.

நம்பர் மாறாமல் கம்பெனி மாற்றம்

2011 ஜனவரி 20-ந்தேதி முதல் நாடு முழுக்க இந்த வசதி உண்டு. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடைவெளி விட்டு செல் நம்பரை போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் 8 எழுத்து ரகசிய குறியீடு வரும். 4 நாளுக்குள் அதை புது கம்பெனி கடையில் ஆதாரோடு கொடுக்கணும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 3 வேலை நாளில் மாறிவிடும். பழைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்கணும். போஸ்ட்பெய்ட் பாக்கி இருக்கக்கூடாது. அந்த குறியீட்டை போனில் யார் கேட்டாலும் சொல்லவே கூடாது.

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் விலை ஏற்றியதும் மக்கள் காட்டிய ஆயுதம் இதுதான். அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல். பக்கம் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். ஏர்டெல் சுமார் 17 லட்சம், வோடபோன் ஐடியா 14 லட்சம், ஜியோ 7½ லட்சம் பேரை இழந்தன.

ஆனால் பி.எஸ்.என்.எல்.-லிலும் கவனம் வேண்டும். விலையை தொடாமல் நாளை குறைக்கும் வேலை அங்கேயும் நடக்கிறது. 35 நாள் ஓடிய 107 ரூபாய் திட்டத்தின் நாட்கள் 2025-ல் குறைக்கப்பட்டன. சொந்த 4ஜி சேவையை நாடு முழுவதும் 2025 செப்டம்பர் 27-ந்தேதிதான் தொடங்கினார்கள். உசிலம்பட்டி பக்கம் எடுக்கிற சிக்னல் மேலூர் பக்கம் எடுக்கணும் என்று இல்லை. மாறுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் சிம்மை ஒரு நாள் நம்ம போனில் போட்டு, வீட்டுக்குள்ளேயும் வேலை செய்யும் இடத்திலும் பார்த்துக்கொள்வது நல்லது.

மொத்த கணக்கு

3 பேரும் 349 போட்டால் வருடத்துக்கு 13,611 ரூபாய். வெளியில் டேட்டா தேவைப்படும் அப்பா மட்டும் 349 தொடரட்டும். நெட் அதிகம் பார்க்காத அம்மா 199-க்கு மாறட்டும். பாட்டிக்கு 1,849 வருட திட்டம். மொத்தம் 8,973 ரூபாய். மிச்சம் 4,638. மாதம் 386 ரூபாய் கையில் நிற்கும். இதில் சொன்ன விலைகள் எல்லாம் 2024, 2025-ல் வைத்தவை. 2025 ஆகஸ்டில் ஜியோவும் ஏர்டெலும் 249 ரூபாய் திட்டத்தை சொல்லாமல் கொள்ளாமல் எடுத்தது போல எப்போது வேண்டுமானாலும் மாற்றம் வரும். ரீசார்ஜ் போடும் அன்றைக்கு விலை, நாள் இரண்டையும் கேட்டுக்கொள்ளணும்.

இதெல்லாம் நாம் செய்யக்கூடியது. கம்பெனிகள் இன்னும் விலை ஏற்றாமல் இருக்க வேறு ஒன்று வேண்டும். ஓ.டி.பி. வாங்கவும், வருகிற போனை எடுக்கவும் மட்டும் ஒரு மலிவு திட்டம் கட்டாயம் என்று விதி வர வேண்டும். கியாஸ் முதல் பேங்க் வரை அரசாங்கமே செல்நம்பரை கேட்கிறது. அப்படி இருக்கும்போது அந்த நம்பரை உயிரோடு வைக்கும் செலவு ஏழைக்கு தாங்குகிற அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் அரசாங்கத்துக்கு உண்டு. கேட்டதால்தான் 2022-ல் 30 நாள் திட்டம் வந்தது. 2024-ல் பேச்சு திட்டத்துக்கு விதி வந்தது. இதுவும் கேட்டால்தான் வரும்.